மூன்றாவது கரண்டி

மாவு டப்பாவுக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் பேர்பெச்சுவா. மாவைத் தவிர எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. சுவர்க்கடிகாரம் நாலு பதினைந்து காட்டியது. எர்னா அன்ரி கோயில் பாடற்குழு ஒத்திகைக்குப் போயிருந்தாள். ஐந்து இருபது டிராமில் வந்து இறங்குவாள். அதற்குள் நிலவறைச் சாவி கிடைத்தாக வேண்டும்.

சீனி டப்பா. கோப்பி டப்பா. மேசை விரிப்புகள் அடுக்கிய இழுப்பறை. அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்த பாட்டுப் புத்தகங்கள். ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே திருப்பி வைத்தாள். டிசம்பர் மாதத்து ஜேர்மனியில், இந்த ஹாலே நகரில், நாலு மணிக்கே இருட்டிவிடும். ஆனாலும் அவள் விளக்குப் போடவில்லை. தெருவில் யாரும் பார்த்தால், பார்த்து அன்ரியிடம் சொன்னால்... பதினேழு வருஷமாகத் தாய் வீடு மாதிரி வந்துபோன வீட்டில் திருடியைப் போல நிற்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அடுத்த இழுப்பறையை இழுத்தாள்.

எல்லாம் ஒரு கரண்டியில் தொடங்கியது.

நேற்று மாலை வுப்பர்டாலிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவளை அன்ரி வழமைபோலக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவி, மெலிந்துவிட்டாய் என்று குறைப்பட்டாள். வழமைபோல உருளைக்கிழங்கு சூப். இரண்டு பேர் குடித்தார்கள். பிறகு அன்ரி பாத்திரம் கழுவ, பேர்பெச்சுவா துடைத்தாள். கழுவிய கரண்டிகளை வாய்விட்டு எண்ணி வைப்பது அன்ரியின் பழக்கம். ஒருகாலத்தில் இந்தச் சமையலறை மேசையைச் சுற்றிச் செபக்கூட்டம் நடந்த நாட்களில், வந்தவர்கள் போனபின் எண்ணிப்பார்த்து எண்ணிப்பார்த்து வந்த பழக்கமாம். ஐன்ஸ். ஸ்வை. ட்ரை.

மூன்று.

மூன்றாவது கரண்டி மற்ற இரண்டையும் போலில்லை. மெல்லிய அலுமினியம். கைப்பிடி குட்டை. விளிம்பு முழுக்கப் பல் பட்ட தடம். சமைக்கும்போது ருசி பார்த்திருப்பாள் என்று பேர்பெச்சுவா நினைத்தாள். ஏழு மணிக்கு அன்ரி மூடி போட்ட கரிவாளியைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கியபோதும் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்கு வாயு அடுப்பும் சூடாக்கியும் வந்து பத்து வருஷமாகிறது என்பது படுக்கையில் கண்ணை மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது. கரி எதற்கு?

படுக்கையறைச் சுவரோரம் ஓடும் பழைய சூடாக்கிக் குழாய் இரவெல்லாம் சன்னமாக டிக், டிக் என்றது. இரும்பு குளிர்ந்தால் அப்படித்தான். அப்படித்தான் என்று மூன்று முறை சொல்லிக்கொண்டாள்.

இன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு டெர்மீன், முன்பதிவு செய்த சந்திப்பு, இருந்தது. அன்ரியிடம் சொல்லவில்லை, கடைக்குப் போவதாகச் சொன்னாள். போனது, பழைய கிழக்கு ஜேர்மனி அரசின் இரகசியப் பொலிஸ் விட்டுப்போன கோப்புகளைச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் காட்டும் அலுவலகத்துக்கு. காணாமல் போனவரின் கூடப்பிறந்தவள் என்று விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தாள். அன்ரி எத்தனையோ தடவை சொன்னதுதான்: அந்தக் கடதாசிகளைத் தொடாதே, அதிலிருப்பதெல்லாம் பொய், இறந்தவரை நிம்மதியாக விடு. தாய் யாழ்ப்பாணத்தில், பிள்ளை வந்தானா என்று கேட்டபடியே கண்ணை மூடிய பிறகு பேர்பெச்சுவாவால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அண்ணன் சூசைதாசன் எங்கே போனான்?

மூன்று இடத்தில் அவளிடம் கையொப்பம் வாங்கி, ஒரு பெண் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களை அவள் முன்னால் வைத்தாள்.

சூசைதாசன் எண்பத்து மூன்றில் கொழும்பிலிருந்து அரசாங்கப் புலமைப்பரிசிலில் இரசாயனப் பொறியியல் படிக்கக் கிழக்கு ஜேர்மனிக்கு வந்தவன். கம்யூனிஸ்ட் நாடு. கோயிலுக்குப் போவது குற்றமில்லை என்று சட்டம் சொல்லும். போகிற பிள்ளைக்கு உயர்பள்ளியில் இடம் இருக்காது, தகப்பனுக்கு வேலையில் உயர்வு இருக்காது, வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் மட்டும் இருக்கும். அரசாங்க இளைஞர் உறுதிமொழி எடுக்க மாட்டேன், கோயிலில்தான் உறுதிபூசுதல் எடுப்பேன் என்று நின்றதற்காக உல்ரிக்கெ என்ற பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டது. அந்த மாதிரி ஆறு பேர் வியாழக்கிழமை தோறும் எர்னா வோய்க்டின் சமையலறையில் கூடி வேதம் வாசித்தார்கள். ஏழாவது ஆள் சூசைதாசன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த மாணவன் என்பதால் மேற்கு பேர்லினுக்குப் போய்வர அவனுக்கு முடியும். போய்வரும்போது பைக்குள் பாடப் புத்தகங்களுக்கு நடுவே வேதப் புத்தகங்களும் அனுமதியில்லாத அச்சுத்தாள்களும் வரும்.

எண்பத்தாறு நவம்பர் பதினான்கு. எல்லாரையும் பிடித்தார்கள்.

அடுத்த வருஷம் பேர்பெச்சுவா அகதியாக மேற்கு ஜேர்மனியின் வுப்பர்டாலுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்த முதல் கடிதம் எர்னா வோய்க்டுடையது. உன் அண்ணனை இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள், என் இரண்டு கண்ணாலும் கண்டேன், அதற்குப் பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. பேர்லின் சுவர் விழுந்ததும் பேர்பெச்சுவா ஓடிவந்தாள். இந்த மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதார்கள். அன்றிலிருந்து அவள் ஜேர்மனியில் அநாதை இல்லை.

காலையில் படித்த கோப்பு அப்படிச் சொல்லவில்லை.

கைதானவர்கள் ஆறு பேர். பெயர், தண்டனை, சிறை எல்லாம் இருந்தது. உல்ரிக்கெயின் பெயருக்கு நேரே சிறையில் இறந்த திகதி இருந்தது. ஏழாவது ஆள்: வீட்டில் இல்லை. தேடப்படுகிறார். எண்பத்தேழில் தேடப்படுகிறார். எண்பத்தெட்டில் எல்லைச் சாவடிப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன, நாட்டைவிட்டு வெளியேறவில்லை. எண்பத்தொன்பது டிசம்பர்: கோப்பு மூடப்படுகிறது.

அவனை அவர்கள் பிடிக்கவே இல்லை.

அதற்குப் பின்னால் இரகசியத் தகவலாளியின் அறிக்கைகள் இருந்தன. புனைபெயர் மார்த்தா. தட்டச்சில் நாற்பத்தொரு வியாழக்கிழமைகள். யார் என்ன வாசித்தார், யார் அழுதார், யார் அரசாங்கத்தைத் திட்டினார். "இலங்கை மாணவன் அடுப்போரக் கதிரையில்தான் இருப்பான். நான் பார்க்கவில்லை என்று நினைத்தால் விரலால் சாப்பிடுவான்." இன்னொன்று: "அவர்கள் போனபின் கரண்டிகளை எண்ணினேன். எட்டும் இருந்தன. எல்லாரும் போய்விட்டால் இந்த வீடு மிகவும் பெரிதாக இருக்கிறது." நவம்பர் பதினைந்தாம் திகதி அறிக்கை ஒரே வரி. "இலங்கை மாணவன் முதல் நாளே மேற்கு பேர்லினுக்கு ஓடிவிட்டான், என் இரண்டு கண்ணாலும் கண்டேன்."

பொலிசிடம் ஓடிவிட்டான் என்றும், தங்கையிடம் பிடித்துப் போனார்கள் என்றும் ஒரே வாய் சொல்லியிருந்தது. கண்டதும் அதே இரண்டு கண்கள்.

பேர்பெச்சுவா கோப்பை மூடிவிட்டு அலுவலகக் கழிவறையில் நெடுநேரம் கையைக் கழுவினாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு வயசு. நடுங்காத கை. நீலப்பூப் போட்ட அங்கி. உல்ரிக்கெக்கும் இதே கையால்தானே சூப் ஊற்றினாய் என்று கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதில், தான் கொண்டுவந்த கறித்தூள் போத்தலைத் திறந்தாள்.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வீட்டிலேயே வறுத்து இடித்த தூள். இரண்டு போத்தல். ஒவ்வொன்றிலும் வருஷத்தை எழுதிய ஒட்டுத்தாள். எண்பத்தேழில் முதல் பதில் கடிதத்தோடு ஒரு போத்தல் அனுப்பியது. அன்ரி அடுத்த வருஷமும் கேட்டாள், அதற்கடுத்த வருஷமும் கேட்டாள். உன் அண்ணனால் எனக்கும் பழகிவிட்டது, இது இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை என்பாள். வெள்ளைக்காரக் கிழவி யாழ்ப்பாணத்துத் தூள் தின்கிறாள் என்று பேர்பெச்சுவா வுப்பர்டாலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்ரி உப்பெடுக்க எழும்பிய நேரத்தில் அரைக்கரண்டி தூளை அவளுடைய சூப்பில் கலந்தாள்.

முதல் வாயிலேயே கிழவிக்குப் புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இரண்டு குவளை தண்ணீர் குடித்தாள். இப்படி ஒரு சாமானை வாழ்நாளில் வாயில் வைத்திராத ஒருத்தியின் இருமல் அது.

"கூடிப்போச்சு, மன்னிக்க வேண்டும்," என்றாள் பேர்பெச்சுவா ஜேர்மனில். "நீங்கள் இதைவிட அதிகம் போடுவீர்கள் என்று நினைத்தேன்."

அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"வயதாகிறது, மகளே. வாய் மாறிவிட்டது. நீ எந்த ரயிலில் போகிறாய்?"

"ஆறு மணி ரயில்."

"அப்படியானால் நான் வருவதற்குள் போய்விடாதே. ஐந்து இருபதுக்கு வந்துவிடுவேன். சாப்பாடு கட்டித் தருகிறேன்."

தெருக்கதவு சாத்தியதும் பேர்பெச்சுவா முதலில் பார்த்தது அலமாரியை. போன வருஷத்துப் போத்தல் இரண்டும் அங்கே இல்லை. அதற்கு முந்தியதும் இல்லை. ஒரு போத்தல்கூட இல்லை.

வருஷத்துக்கு இரண்டு போத்தலை யார் தின்கிறார்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் கைத்தொலைபேசி அடித்தது. அவள் கணவன் புவனேந்திரன். உணவகச் சமையலறையின் பாத்திரச் சத்தம் பின்னால் கேட்டது. காலையில் படித்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது.

"இஞ்சை பாரும்," என்றான் அவன். "நீர் ஒண்டும் தேடவேண்டாம். பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரேசனுக்குப் போம். மிச்சத்தைப் பொலிஸ் பாக்கட்டும்."

"பத்து நிமிஷம். நிலவறையை ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"உமக்குப் பயமில்லையோ?"

"இருக்கு."

"அப்ப செபத்தைச் சொல்லும். இண்டைக்காவது முழுசாச் சொல்லும்," என்றான் புவனேந்திரன். இத்தனை வருஷத்துக் கேலியைச் சிரிக்காமல் சொன்னான். "மாதா பாதியை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?"

அது அவர்கள் வீட்டு வழமை. செபமாலையின் ஒவ்வொரு செபத்திலும் முதற்பாதியைத் தாயும் மகளும் சொல்ல, மறுபாதியைச் சூசைதாசன் தனியாகச் சொல்வான். அவன் போனபிறகு தாய் அந்த மறுபாதியை வேறு யாரையும் சொல்லவிடவில்லை. அவன் வந்து சொல்லுவான் என்று அந்த இடத்தில் மௌனமாக இருப்பாள். தாய் போனபிறகும் பேர்பெச்சுவா அப்படித்தான். முதற்பாதி. பிறகு ஒரு மௌனம். மறுபடி முதற்பாதி. சைவக்காரப் புருஷன் இருபது வருஷமாக அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மின்னேற்றியில் செருகியபடியே தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு டப்பாக்களைத் திறக்கத் தொடங்கினாள்.

நாலு இருபத்தைந்து. யன்னலோரம் நத்தார் குடில் வைத்திருந்தது. மரத்தில் செதுக்கிய மாடு, கழுதை, இடையர், மாதா. சூசையப்பர் மட்டும் மற்றவர்களைவிடச் சற்றுச் சரிந்து, அடியில் ஏதோ இடறியதுபோல நின்றார். பேர்பெச்சுவா அவரை மெல்லத் தூக்கினாள்.

சாவி.

நிலவறைக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. பிணைச்சலுக்கு எண்ணெய் போட்டிருந்தது. படியில் இறங்க இறங்கக் குளிர் கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. ஈரச் செங்கல், பழைய கரி, அழுகத் தொடங்கிய அப்பிள் மணம், இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு மணம், அவளுக்கு மிகவும் தெரிந்த, இந்த வீட்டில் இருக்கக்கூடாத மணம். வறுத்த மல்லி. செத்தல் மிளகாய். அதோடு நாட்பட்ட துணியும் தலைமயிரும் சேர்ந்த ஒரு வாடை. கடைசிப் படியில் நின்று விளக்கு ஆளியைத் தட்டினாள். ஒரு மங்கல் குமிழ் எரிந்தது.

இடப்பக்கம் கரிவாளி. மூடியைத் தூக்கினாள். உள்ளே கரி இல்லை. கழுவிய தட்டொன்று, குவளை, துவாய்.

வலப்பக்கம் நீளத் தட்டு. அதில் வரிசையாகப் போத்தல்கள். எல்லாம் காலி, எல்லாம் கழுவித் துடைத்து, தன் கையெழுத்து முன்னால் தெரியும்படி வைத்திருந்தது. 1987. 1988. 1989. சுவர் விழுந்த வருஷம். 1990. கிழக்கு ஜேர்மனி என்ற நாடே இல்லாமல் போன வருஷம். 1995. 2001. விரலால் தொட்டுக்கொண்டே நடந்தாள். 2005.

கடைசிப் போத்தலுக்கு அப்பால் ஒரு கதவு.

சாம்பல் நிற இரும்புக் கதவு. உலகப்போர் காலத்தில் குண்டுக்குப் பயந்து இந்த ஊர் வீடுகளில் பங்கர் கட்டியிருந்ததாக அன்ரி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது எப்போதோ மண் போட்டு மூடியாகிவிட்டது என்றும் சொன்னாள். பேர்பெச்சுவாவுக்குப் பங்கர் தெரியும். ஊரில் வீட்டுக்குப் பின்னால் பனங்குற்றி அடுக்கி அயலவர்கள் வெட்டியது. குண்டுவீச்சு முடிந்தாலும் பயம் போகாமல் உள்ளேயே இருக்கும் மனிதர்களையும் தெரியும்.

கதவின் அடியில் ஒரு தட்டுப் போகும் அளவுக்கு வெட்டிய துவாரம். அதன் விளிம்பு தேய்ந்து பளபளத்தது.

காது கொடுத்தாள்.

ஒன்றுமில்லை.

தன் மூச்சு. குழாயின் டிக், டிக். அவ்வளவுதான். ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. உதடு தன்பாட்டில் அசைந்தது. சின்ன வயசிலிருந்து பயம் வந்தால் அசைகிற மாதிரி. அருள் நிறைந்த மரியாயே. முணுமுணுப்பாக, முதற்பாதியைச் சொன்னாள். முடித்தாள்.

பழக்கத்தில் நிறுத்தினாள்.

அந்த மௌனத்துக்குள், இரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துருப்பிடித்த ஒரு ஆண்குரல் மறுபாதியைச் சொன்னது.

அர்ச்சிஷ்ட மரியாயே என்றுதான் தொடங்கியது. தாய் கடைசிவரை விடாத பழைய சொல். அதே இழுவை. அதே இடத்தில் மூச்சு. ஆமென்.

பேர்பெச்சுவா செங்கல் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணை."

"ஆரது?" காற்றில் ஒரு கிசுகிசுப்பு.

"நான் அண்ணை. பெப்பி."

"பெப்பி ஊரிலை." குரல் பாடம் ஒப்பிப்பதுபோல வந்தது. "பெப்பி சின்னப்பிள்ளை. சத்தம் போடாதை. மேலை பொலிஸ் நிக்குது."

"பொலிஸ் இல்லை அண்ணை. ஒருத்தரும் இல்லை. அந்த அரசாங்கமே இல்லை. சுவர் விழுந்து பதினேழு வருஷமாச்சு." வாயைப் பொத்திக்கொண்டு, துவாரத்தோடு முகத்தை வைத்துச் சொன்னாள். "உங்களை எல்லாரும் தேடி முடிஞ்சுது. நீங்கள் வெளியிலை வரலாம்."

உள்ளே ஏதோ உரசியது. காலோ, பாயோ. மணம் நெருங்கி வந்தது. இரும்புக்கு மறுபக்கம், அவள் முகத்துக்கு நேரே, யாரோ முகத்தை வைத்தார்கள்.

"இதைத்தான் சொல்லுவியள் எண்டு சொன்னவ," என்றான் சூசைதாசன்.

"ஆர்?"

"எர்னாம்மா. ஒருநாள் தமிழ் தெரிஞ்ச ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வருவாங்களாம். தங்கச்சியின்ரை பேர் சொல்லுவாளாம். அரசாங்கம் போட்டுது, வெளியிலை வா எண்டு கூப்பிடுவாளாம்." மூச்சு வாங்கியது. "அப்பிடித்தான் உல்ரிக்கெயைப் பிடிச்சவங்களாம்."

"அண்ணை, உல்ரிக்கெயைக் காட்டிக் குடுத்ததே அவதான். நான் இண்டைக்குக் கோப்பிலை வாசிச்சனான்."

"கோப்பு," என்றான் அவன். மெல்லச் சிரித்ததுபோல இருந்தது. "உங்களிட்டைத்தான் கோப்பு இருக்கும்."

அவள் தாயின் பெயரைச் சொன்னாள். கிணற்றடி நாவல் மரத்தைச் சொன்னாள். அவனுடைய இடது புருவத்துத் தழும்பு எப்படி வந்தது என்று சொன்னாள். ஒவ்வொன்றும் அவனுக்கு எதிராக அவள் வாசித்துக் காட்டும் பக்கம்போலத் தனக்கே கேட்டது.

"நீங்கள் தின்னுற தூள் நான் வறுத்தது அண்ணை. இருபது வருஷமா நான்தான் அனுப்பினனான்."

"தூள் எர்னாம்மா செய்யிறது."

துவாரத்தின் வழியாகக் கையை விட்டாள். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தாள். குளிர்ந்த விரல்கள் ஒருமுறை தொட்டன. நீண்ட நகம். மணிக்கட்டைத் தடவி, பின்வாங்கின.

"கை கிழவியின்ரை கை," என்றான் அவன். அழுதான். "பெப்பிக்கு இருபது வயசு."

அதன்பிறகு அவன் எதையோ இழுத்தான்.

மேலே, வீட்டின் மூலையொன்றில், சின்ன மணி அடித்தது. கம்பியில் கட்டிய மணி. கிலுங். கிலுங்.

"வேண்டாம் அண்ணை. அடிக்காதைங்கோ."

கிலுங்.

தெருக்கதவு திறந்தது. ஐந்து இருபது ஆகவில்லை. ஐந்துகூட ஆகியிராது. அன்ரி ஒத்திகைக்குப் போகவே இல்லையோ. தெருமூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளோ. நிதானமான செருப்புச் சத்தம் தலைக்கு மேல் நடந்தது. குடிலுக்குப் பக்கத்தில் நின்றது. அன்ரி சூசையப்பரைத் திருப்பி நிமிர்த்தி வைக்கிறாள் போலும். மரம் மரத்தில் தட்டிய சிறு சத்தம்.

பேர்பெச்சுவா படியை நோக்கி ஓடினாள். பாதிப் படியில் கதவு சாத்தியது. அவள் போட்டுவிட்டு வந்த சாவி, வெளிப்பக்கம், இரண்டு சுற்று.

மேலே இன்னொரு ஆளி தட்டும் சத்தம். விளக்கு அணைந்தது.

தட்டினாள். கத்தினாள். அந்தச் சுவரின் தடிப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். குண்டுக்கே கட்டியது.

மேலே தொலைபேசி அடித்தது. அவளுடையது. மூன்று முறை அடித்து நின்றது. புவனேந்திரனாகத்தான் இருக்கும் என்று அவன் பெயரைக் கத்தினாள்; உணவகப் பாத்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. கதவோடு காதை ஒட்டினாள். அன்ரியின் குரல் தெளிவாக, இனிமையாக, வயதான பெண்ணுக்குரிய சிறிய தயக்கத்தோடு கேட்டது. ஆமாம், புவனேந்திரன் அல்லவா. இல்லையே, அவள் போய்விட்டாள். தொலைபேசியை இங்கேயே மறந்துவிட்டாள், பாவம், மிகவும் கலங்கியிருந்தாள். வாசலில் ஒரு கார் நின்றது. இரண்டு பேர் இருந்தார்கள், யாரென்று தெரியவில்லை, ஏறிப் போனாள்.

"என் இரண்டு கண்ணாலும் கண்டேன்."

பிறகு இழுப்பறை திறந்தது. உலோகம் உலோகத்தில் உரசியது. கிழவி இரவுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்தாள். வாய்விட்டு எண்ணினாள்.

ஐன்ஸ்.

ஸ்வை.

ட்ரை.

மேலே ஒன்று. கீழே இரண்டு.

பேர்பெச்சுவா இருட்டில் தவழ்ந்து இரும்புக் கதவுக்குத் திரும்பினாள். அதைத் திறந்தால் போதும். உள்ளே இருக்கிறவன் அண்ணன். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு கிழவியைத் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம். பூட்டைத் தேடி இரண்டு கையாலும் தடவினாள். மேல் விளிம்பு. கீழ் விளிம்பு. இடம். வலம். நடு. கொண்டி இல்லை. தாழ் இல்லை. சாவித் துவாரம் இல்லை. வழுவழுப்பான இரும்பு மட்டும்.

அந்தப் பக்கத்தில் சூசைதாசன் முணுமுணுத்துக்கொண்டே தாழ்களைச் சரிபார்த்தான். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றாக இறுக்கினான்.

இருபது வருஷமும் அந்தக் கதவு உள்ளேயிருந்துதான் பூட்டப்பட்டிருந்தது.